கெட்டிஸ்பர்க் கேள்வியும் தூண்டில் முள்ளும்

முதுகலை வரலாற்றுத் தேர்வின் முடிவு நேற்று வெளியானது. சென்ற முறை நான் தோற்ற அமெரிக்க வரலாற்றுத் தாளில்தான் இம்முறை எனக்கு அதிக மதிப்பெண் என்பதால், அந்த நிம்மதி தணியுமுன் காரைக்குடியிலிருந்து இதை எழுதுகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை, வடபடையும் தென்படையும் மோதிய களம் கெட்டிஸ்பர்க். அங்கே படைத்தலைமையின் பங்கை மதிப்பிடுக என்பதே அன்றைய கேள்வி. நானோ, ஜூலை 3 அன்று தென்படையினர் ஏறத்தாழ 12,500 பேர் திறந்தவெளியில் முன்னேறித் தோற்ற பிக்கெட் தாக்குதலையே மூன்று பக்கங்களுக்கு விவரித்திருந்தேன். ஆணையிட்ட தென்படைத் தலைவர் லீ அந்த நேரத்தில் எதை அறிந்திருந்தார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கு விலையாக ஓராண்டு போயிற்று.

இம்முறை எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், கோலமாவால் களத்தை வரைந்தேன். வடபடையின் அணிவகுப்பு ஒரு தூண்டில் முள்: கல்ப்ஸ் குன்று அதன் நுனி, கல்லறைக் குன்று வளைவு, கல்லறை மேடு தண்டு, லிட்டில் ரவுண்டு டாப் நரம்பு கட்டும் இடம். உள்ளே நின்றால் நுனியிலிருந்து தண்டின் முடிவுக்குச் சில எட்டுகளில் சென்றுவிடலாம். லீயின் படை நின்ற வெளிப்புறமாகச் சுற்றினால் தூரம் மிக அதிகம். வலுக்குறைந்த இடத்திற்கு வடபடைத் தலைவர் மீடு விரைந்து படை அனுப்ப முடிந்த காரணத்தை நடந்து பார்த்தே உணர்ந்தேன். கோலம் அழியாதபடி அப்பத்தா இரண்டு நாட்கள் ஓரமாகவே நடந்தார்கள்.

விடையில் விடக்கூடாதவை:

1. ஜூலை 2 வரை குதிரைப்படைத் தளபதி ஸ்டூவர்ட் வந்து சேராததால், லீக்கு எதிரியின் நடமாட்டம் தெளிவாகத் தெரியவில்லை.
2. முதல் நாள் மாலை, இயலுமானால் கல்லறைக் குன்றைக் கைப்பற்றுமாறு லீ சொல்ல, அவருடைய தளபதி யூவெல் தாக்கவில்லை. முடிவைத் தளபதியிடமே விடும் இவ்வகை ஆணை, யூவெலுக்கு முன் அப்படைப்பிரிவை நடத்திய ஜாக்சனுக்குப் பொருந்தியது. அவரோ மே மாதமே இறந்துவிட்டார். என் விடையில் பாதி இதைப் பற்றியதே.
3. இரண்டாம் நாள் வடபடைத் தளபதி சிக்கிள்ஸ் தன் இடத்தை விட்டுத் தன்னிச்சையாக முன்னேறியது. காலாட்படையின்றிக் கிடந்த லிட்டில் ரவுண்டு டாப்பை வடபடையின் தலைமைப் பொறியாளர் வாரன் கவனித்தது. வடபடையின் பிரிவுத் தலைவர் வின்சென்ட் தன் பொறுப்பிலேயே அங்கு விரைந்தது.
4. மூன்றாம் நாள் வடபடையின் பீரங்கித் தலைவர் ஹன்ட் பீரங்கிச் சூட்டை நிறுத்திக் குண்டுகளைச் சேமித்தது.

நான் எதையும் நிதானமாகச் செய்பவன். ஆதலால் மீடுவின் பக்கம் சாய்ந்தே எழுதினேன். ஜூன் 28 அன்றுதான் தலைமை ஏற்றவர், இரண்டாம் நாள் இரவு தளபதிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டதைத் தயக்கம் என்று நான் கருதவில்லை. பின்வாங்கிய லீயை மீடு துரத்திப் பிடிக்கவில்லை என்று லிங்கன் வருந்தியதையும் எழுதுங்கள். மறுதரப்பு இல்லாத மதிப்பீடு நிற்காது.

படத்தைப் பென்சிலால், ஐந்து நிமிடங்களுக்குள், விடையின் முதல் பக்கத்திலேயே வரையுங்கள். முள்ளுக்கு வெளியே லீயின் வரிசையையும் குறித்தால்தான் அந்தத் தூர வேறுபாடு திருத்துபவரின் கண்ணில் படும்.