எட்டு மணி நேர மின்தடைக்கு எந்த பேட்டரி: நாங்கள் தேர்ந்தெடுத்த விதம்

எங்கள் பக்கம் கரண்டு போவதில் இரண்டு வகை. ஒன்று சொல்லிவிட்டுப் போவது. துணைமின் நிலையப் பராமரிப்பு என்று முந்தின நாளே ஊர்ப் பெயர்களோடு பேப்பரில் வந்துவிடும். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம் ஐந்து வரைக்கும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இன்னொன்று சொல்லாமல் போவது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது தென்னை மட்டை லைன் மேல் விழும். சித்திரை மழையில் இடி இறங்கி எங்கேயோ இன்சுலேட்டர் வெடிக்கும். காங்கேயத்துக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். லைன் காட்டு வழியாகத்தான் வருகிறது. எங்கே அறுந்தது என்று லைன்மேன் ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டே நடந்து தேட வேண்டும், பாவம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய இன்வெர்ட்டர் இருந்தது. 2012-இல் சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாமல் கிடந்தோமே, அப்போது அப்பா வாங்கியது. ஸ்கொயர் வேவ் ரகம், அதாவது ஈபி கரண்டு போலச் சீரான அலையாக இல்லாமல் வெட்டு வெட்டாக வருவது. அது ஓடும்போது பேன் எல்லாம் 'ம்ம்ம்' என்று உறுமும். பேட்டரி ஒரு தடவை மாற்றியும் பலம் போய்விட்டது. இதற்கிடையில் ஆத்தா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்துவிட்டது. படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். அதன் சின்ன மோட்டார் மாற்றி மாற்றிக் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நானும் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். சரி, இந்தத் தடவை யோசித்து வாங்குவோம் என்று உட்கார்ந்தோம்.

கடைக்குப் போனால் முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான். "ஏனுங்க, எத்தனை பெட்ரூமுங்க?" மூன்று என்றதும், "அப்ப ரெண்டு பேட்டரி போட்டுருங்க, பின்னாடி யோசிக்கவே வேண்டாமுங்க" என்றார் ஈரோட்டுக் கடைக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் பெட்ரூம் எண்ணிக்கைக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? எது எது ஓட வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும், இந்த இரண்டும் தெரியாமல் கடைக்குப் போகவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், ஈபி மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சடித்திருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய பேன் ஒன்றை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு எண்ணினேன். நிமிடத்துக்கு நாலு சிமிட்டல். மணிக்கு 240. அதை 3200-ஆல் வகுத்தால் 0.075 யூனிட், அதாவது 75 வாட். குறைந்த வாட் சாமான் என்றால் ஐந்து நிமிடம் நின்று எண்ண வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு முன்னே பின்னே போகும். காற்று மெத்தை மோட்டார் போன்ற பொடிசுகளுக்கு அதன் மேலேயே எழுதியிருப்பதை எடுத்துக்கொண்டேன்.

பகல் ஷட்டவுனுக்கு எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஆத்தா ரூம், ஹால், என் ரூம் என்று மூன்று பேன், லேப்டாப் 50 வாட், ரவுட்டர் 12, மெத்தை மோட்டார் 10. பழைய பேன்களோடு கூட்டினால் 297 வாட். எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2400 வாட் அவர் (வாட்டை மணிக்கணக்கால் பெருக்கியது). இதற்கு இரண்டு பேட்டரி கட்டாயம் வேண்டும், கடைக்காரர் சொன்னது அந்த வகையில் சரிதான். ஆனால் மூன்று பேனையும் குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி பேனாக மாற்றினால் ஒன்றுக்கு 30 வாட் போதும். மொத்தம் 162-க்கு இறங்கிவிடுகிறது. எட்டு மணி நேரத்துக்கு 1300. மூன்று பேனுக்கு ஆகிற செலவு இரண்டாவது பேட்டரியின் விலையைவிடக் குறைவு. பேட்டரி ஐந்தாறு வருஷத்தில் செத்துப்போகும், பேன் மாதா மாதம் பில்லையும் குறைக்கும். முதலில் பேன், அப்புறம்தான் பேட்டரி என்று முடிவு செய்தோம்.

கடையில் இன்வெர்ட்டருக்குச் சொல்கிற விஏ, பேட்டரிக்குச் சொல்கிற ஏஎச் இரண்டும் பலருக்குக் குழப்பம். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாய்கிற ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: விஏ என்பது மதகின் அகலம், ஏஎச் என்பது உள்ளே தேங்கியிருக்கிற தண்ணீர். மதகைப் பெரிதாக்கினாலும் உள்ளே இருக்கிற தண்ணீர் அதிகமாகிவிடாது. எங்கள் 162 வாட்டுக்கு 1000 விஏ இன்வெர்ட்டரே தாராளம். அது 800 வாட் வரை தாங்கும். ஆனால் பியூர் சைன் வேவாக, அதாவது ஈபி கரண்டு போலவே சீரான அலையாகத் தருவதாக இருக்க வேண்டும். உறுமலுக்காக மட்டும் சொல்லவில்லை, மோட்டார் உள்ள சாமான்கள் சூடாகாமல் ஓட அதுதான் நல்லது.

தண்ணீர்க் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. 150 ஏஎச் என்று போட்டிருக்கிற டியூபுலர் பேட்டரி (ஈயமும் ஆசிட்டும் உள்ள வழக்கமான ரகம்), அந்த 150-ஐ இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால்தான் தரும். சி20 என்று பேட்டரி மேலேயே சின்ன எழுத்தில் இருக்கும். அதாவது 7.5 ஆம்பியர், சுமார் 90 வாட். அதைவிட வேகமாக இழுத்தால் கொடுக்கிற மொத்தமே குறைந்துவிடும். இன்வெர்ட்டர் மாற்றிக் கொடுப்பதில் 15 சதவீதம் போகிறது. அடி வரைக்கும் வழித்து எடுத்தால் பேட்டரி ஆயுள் போகும் என்பதால் ஒரு 20 சதவீதம் விட்டுவைக்க வேண்டும். 150 ஏஎச், 12 வோல்ட் என்றால் காகிதத்தில் 1800 வாட் அவர், கைக்கு வருவது 1200 சொச்சம். எங்கள் 1300-க்கு அது எட்டாது. 200 ஏஎச் எடுத்தால் எட்டு மணி நேரம் ஓடிய பிறகும் கொஞ்சம் மீதி இருக்கும். ஐந்து மணிக்கு வர வேண்டிய கரண்டு ஆறரைக்கு வந்தாலும் தாங்கும்.

லித்தியம் வாங்கலாமா என்பதில்தான் வீட்டில் நிறையப் பேச்சு நடந்தது. மனைவிக்கு அதுதான் பிடித்திருந்தது. காரணங்கள் நியாயமானவை: பன்னிரண்டு பதிமூன்று கிலோதான் எடை, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம், ஆசிட் வாசம் இல்லை, மூன்று நாலு மணி நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும். வீட்டுக்கு வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகம், செல்போன் பேட்டரி போலச் சட்டென்று தீப்பிடிக்கிற ஜாதி இல்லை. ஆனால் 100 ஏஎச் லித்தியம் மொத்தமே 1280 வாட் அவர்தான், எங்களுக்கு அது போதாது. அடுத்த அளவுக்குப் போனால் டியூபுலரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை சொன்னார்கள்.

"மூவாயிரம் தடவை ஏத்தி இறக்கலாமுங்க" என்று விற்கிறவர் சொன்னதை நான் வேறு மாதிரி கணக்குப் போட்டேன். எங்களுக்கு மாதத்துக்கு ஒரு ஷட்டவுன், காற்று மழைக்கு இன்னும் சில. வருஷத்துக்கு ஐம்பது தடவைகூடத் தாண்டாது. மூவாயிரம் முடிய அறுபது வருஷம் ஆகும்! அவ்வளவு நாள் எந்த பேட்டரியும் இருக்கப்போவதில்லை, வயதாகியே போய்விடும். பயன்படுத்தாத உழைப்புக்கு இப்போதே காசு கொடுப்பானேன்? தினமும் நாலைந்து தடவை வெட்டு இருந்த 2012 மாதிரி ஒரு காலம் என்றால் நானும் லித்தியம்தான் வாங்கியிருப்பேன். எப்போதோ போய், போனால் நீண்ட நேரம் வராத ஊருக்கு டியூபுலர்தான் கட்டுப்படியாகும், அதையே வாங்கினோம். அடுக்குமாடியில் இடமில்லாதவர்கள், தண்ணீர் அளவைப் பார்க்க ஆளில்லாத பெரியவர்கள் லித்தியம் வாங்குவதில் தப்பில்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டச் சொல்வார்கள், டியூபுலருக்கும் லித்தியத்துக்கும் சார்ஜ் வோல்ட்டேஜ் வேறு. இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கென்று தனி ஏற்பாடு இருக்க வேண்டும்.

மாமா வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார், 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியத்தோடு. "எனக்கெதுக்குப்பா பேட்டரி, கூரை மேல சூரியனே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் ஷட்டவுனில் உச்சி வெயிலில் வீடே நின்றுபோனது. ஈபி லைனோடு இணைத்த ஆன்கிரிட் சோலார் அப்படித்தான்: ஈபி லைனில் கரண்டு இல்லையென்றால் அதுவும் தானாக நின்றுவிடும். நிற்காமல் லைனுக்குள் கரண்டை அனுப்பினால் கம்பத்தில் ஏறியிருக்கிற ஆளுக்கு ஆபத்து. ஷட்டவுனிலும் ஓட வேண்டுமென்றால் சோலாரையும் பேட்டரியையும் சேர்த்து ஓட்டுகிற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பகலில் சேர்த்து ராத்திரியில் தினமும் செலவழிக்கப் போகிறவர் அவர் என்றால், அந்த மூவாயிரம் தடவைக்கு அர்த்தம் உண்டு.

வயரிங்கில் எங்கள் வயர்மேன் ஒரு காரியத்தில் பிடிவாதமாக இருந்தார். "தம்பி, இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரல் தனியாப் போடோணும். பழசோட கலந்துட்டா ஆர்சிசிபி சும்மா சும்மா விழும், அப்புறம் என்னையத்தான் திட்டுவீங்க." நியூட்ரல் என்பது கரண்டு திரும்பிப் போகிற வயர்; ஆர்சிசிபி என்பது கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கிற பாதுகாப்பு சுவிட்ச். இரண்டு ரூமில் கேசிங் உடைத்து மறுபடி இழுத்தார். கூலி கொஞ்சம் கூடத்தான் ஆனது. இதுவரை ஆர்சிசிபி ஒரு தடவைகூட விழவில்லை. பிரிஜ்ஜையும் மிக்ஸியையும் இந்த லைனில் சேர்க்கவில்லை. பிரிஜ் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பு ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. கதவைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி போகாது. போர் மோட்டாருக்கு இந்த இன்வெர்ட்டரில் இடமே கிடையாது. ஷட்டவுன் என்று பேப்பரில் பார்த்ததும் முந்தின சாயங்காலமே டேங்க்கை நிரப்பி, மாவையும் ஆட்டி வைத்துவிடுகிறோம்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மாடித் தகரக் கொட்டகையில் வைத்துவிடலாம் என்றார் அப்பா. வேண்டாம் என்று மாடிப்படிக்கு அடியில், காற்றோட்டமான இடத்தில் வைத்தோம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அடைத்த அலமாரிக்குள் வைக்கக் கூடாது. சூடு அதற்கும் மேல்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர்ச் சித்திரையில் தகரத்துக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

மாட்டிய பிறகு ஒரு விசித்திரம். ராத்திரி கரண்டு இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது: யூபிஎஸ், நார்மல் என்று. யூபிஎஸ் பக்கம் வைத்தால் வேகமாக மாறும், கம்ப்யூட்டர் அணையாது. ஆனால் வோல்ட்டேஜ் 180-க்குக் கீழே போனாலே கரண்டு இல்லை என்று எடுத்துக்கொள்ளும். நாங்கள் லைனின் கடைக்கோடி. சுற்றுக்காட்டுப் பம்ப்செட்டுகள் ஓடும்போது 170-க்கு இறங்கும். நார்மல் பக்கம் தள்ளினேன், சரியாகிவிட்டது. லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் தனியாக வாங்கி மாட்டிவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் வாரண்டியை முழுக்கப் படியுங்கள். 36+24 என்று போட்டிருந்தால் முதல் 36 மாதத்துக்குத்தான் புதுசு தருவார்கள். அடுத்த 24 மாதம் புது பேட்டரி விலையில் தள்ளுபடி மட்டுமே. தயாரித்த மாதம் எது என்று கேட்டு, கடையில் நாள்பட்டுக் கிடந்ததைத் தள்ளிவிடுங்கள். இன்வெர்ட்டரின் சார்ஜ் ஆம்பியரும் பார்க்க வேண்டும், 200 ஏஎச்சுக்குப் பத்து ஆம்பியர் சார்ஜர் காணாது. பழைய பேட்டரியைக் காயலான்கடையில் போடாமல் எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், ஈயத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. பில்லில் சீரியல் நம்பரையும் தேதியையும் எழுதச் சொல்லிக் கடை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதை இன்வெர்ட்டர் மூடியின் உள்பக்கத்திலேயே பிளாஸ்டிக் கவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.