பந்தல் நிறைய இலை: ஒரு அவரை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, 2024

ஆடிப்பெருக்கு. படையல் முடிந்த கையோடு அவரை ஊன்றியாயிற்று. விதை அத்தையுடைய டப்பாவிலிருந்து: சாம்பலில் புரட்டி வைத்த ஊர் அவரை, பட்டையாகக் காய்க்கும் ரகம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் கொல்லை மணல் கலந்த மண். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். அதனால் குழியில் மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகப் போட்டு, மேலே மண் மூடி, குழிக்கு மூன்று விதை. மதில் ஓரம் ஒரு வரிசை கொத்தவரை. அதற்கு வெயிலும் வறட்சியும் ஒரு பொருட்டே இல்லை, அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத வேண்டி வராது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 11

முளைத்துவிட்டது. முளைத்ததை அணில் கிள்ளுகிறது. கருவேல முள் வெட்டிக் குழியைச் சுற்றிப் போட்டிருக்கிறோம்.

செப்டம்பர் 15

கொடி பந்தலைத் தொட்டுவிட்டது. ஒரு குழியில் மட்டும் இலை சரியில்லை. பச்சைக்கு நடுவே பளீரென்ற மஞ்சள் திட்டு, நரம்போடு ஒட்டிக்கொண்டு, இலைக்கு இலை கோலம் மாறுகிறது. சத்துக் குறைவில் வரும் மஞ்சள் இப்படித் திட்டுத் திட்டாக இருக்காது, அடி இலையிலிருந்து ஒரே சீராக வெளுத்துக்கொண்டு வரும். இது மஞ்சள் தேமல், வைரஸ் நோய். இலையைத் தட்டினால் பொடி போல எழும்பும் வெள்ளை ஈதான் பரப்புவது. வந்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கித் தூரப் போட வேண்டியதுதான்.

போடுவதற்கு முன் வேரைக் கழுவிப் பார்த்தேன். நோய் கண்ட செடியிலும் வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு, நகத்தால் தட்டினால் உதிர்கிறது. ஒன்றைக் கீறினால் உள்ளே ரோஜா நிறம். முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது என்பதற்கு அந்த நிறமே அத்தாட்சி. முடிச்சு உதிராமல் வேரே அங்கங்கே வீங்கியிருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழு. மணல் மண்ணில் அந்தப் பயம் எப்போதும் உண்டு, இந்தத் தடவை இல்லை.

அக்டோபர் 13

பந்தல் முழுக்க இலை. அடியில் நாற்காலி போட்டு உட்காரலாம், அவ்வளவு நிழல். பூ ஒன்றுகூட இல்லை.

எதிர்வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்து, "ஒரு கைப்பிடி யூரியா போடுங்கக்கா, சட்டுனு புடிச்சிக்கும்" என்றார். இலைக்குத்தானே பிடிக்கும்? வேரில் ரோஜா முடிச்சு இருக்கிற செடிக்கு யூரியா ஊற்றினால் இன்னும் நாலு முழம் கொடி ஓடும், பூ இன்னும் தள்ளிப் போகும். இன்னொருவர் நுனியைக் கிள்ளச் சொன்னார். அடர்ந்த இடத்தில் கொஞ்சம் கிள்ளினேன், காற்றோட்டத்துக்காக.

அத்தை அசரவில்லை. "பனி விழட்டும்மா, அது பாட்டுக்குப் பூக்கும். இப்போ போய் அதை ஏன் நோண்டிக்கிட்டு இருக்கே?"

அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது, பனியைவிட இருட்டுதான் காரணம். பழைய கொடி அவரை ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். கடலூரில் ஆனி மாதப் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம், மார்கழியில் அது ஏறக்குறைய 11 மணி 25 நிமிடம். நமக்குப் பெரிதாகத் தெரியாத அந்த வித்தியாசத்தைச் செடி கவனித்துக்கொண்டே இருக்கிறது. எந்த மாதமும் காய் வேண்டும் என்பவர்கள் குத்து அவரை போட்டால் போதும், அது நாள் பார்க்காது. பந்தலும் வேண்டாம். ருசியில் இதன் பக்கத்தில் வராது என்பது என் கட்சி.

கொத்தவரை இதற்குள் காய்த்துத் தள்ளுகிறது. பொரியல், பருப்பு உசிலி, வற்றல்.

நவம்பர் 6

வந்துவிட்டது! வீட்டுச் சுவர்ப் பக்கம் இலைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஊதாப் பூங்கொத்து. கூடவே சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும்.

கொத்தின் காம்பு தெரியாத அளவுக்குக் கறுப்பாக மொய்த்திருக்கிறது. விரலால் வழித்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. எறும்பு மேலேயும் கீழேயும் வரிசை கட்டிப் போகிறது. அசுவினி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. பொறிவண்டு வந்தால் விரட்டிவிடும். ஆகவே முதல் வேலை எறும்புக்கு. பந்தல் காலில் துணி சுற்றி வேப்பெண்ணெயில் நனைத்தேன். அப்புறம் குழாயில் விரலை வைத்து அழுத்தித் தண்ணீரைப் பீய்ச்சியதில் பாதி அசுவினி உதிர்ந்தது. மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய மட்டும் கொஞ்சம் காதி சோப்பு, பொழுது சாய்ந்த பிறகு தெளிப்பு. வெயிலில் தெளித்தால் இலை கருகும். காலையில் தெளித்தால் தேனீக்கும் ஆகாது.

ஒரு கொத்தை மட்டும் தொடவில்லை. அதில் முதலைக் குட்டி மாதிரி, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு புழு அசுவினியைத் தின்றுகொண்டிருந்தது. பொறிவண்டின் குஞ்சு. புழு என்று இதைத்தான் நிறைய பேர் முதலில் நசுக்குகிறார்கள்.

தீபாவளிக்கு வந்த தங்கை பெங்களூரிலிருந்து குத்து பீன்ஸ் விதை கொடுத்துவிட்டுப் போனாள். குரோ பேக்கில் ஊன்றியிருக்கிறேன். பார்ப்போம்.

நவம்பர் 19

இது விநோதமாக இருக்கிறது. சுவர்ப் பக்கம் பூத்துப் பிஞ்சு விடுகிறது. தெருப் பக்கப் பாதி இன்னும் வெறும் இலை. ஒரே விதை, ஒரே உரம், ஒரே தண்ணீர். வேர், இலைக்கு அடிப்பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று, பூச்சியும் இல்லை.

ராத்திரி பால்காரருக்கு எழுதிய சீட்டைக் கேட்டில் மாட்டப் போனபோதுதான் கவனித்தேன். தெருவிளக்கு நேராக அந்தப் பாதி மேல்தான் விழுகிறது. எல்.இ.டி. வெளிச்சம், அடியில் நின்றால் சீட்டைப் படிக்கலாம். செடி கணக்குப் பார்ப்பது உண்மையில் இரவின் நீளத்தை. நடுவில் வெளிச்சம் புகுந்தால் அதற்கு அது நீண்ட இரவாகவே இல்லை. சோயா வயலில் தெருவிளக்குக்கு அருகே இருக்கும் செடிகள் பூக்காமல் பச்சையாகவே நிற்பதும் இதே காரணத்தால்தான். விளக்கை அணைக்கச் சொல்ல முடியாது, பெண்பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும் தெரு. கேட்டை ஒட்டிக் கயிறு கட்டிப் பழைய சாக்கு மூன்றைத் தைத்துத் தொங்கவிட்டேன். தெருவில் எல்லோரும் எதற்கு என்று கேட்கிறார்கள்.

டிசம்பர் 5

இன்றுதான் எழுத முடிந்தது. நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, கடந்தும் நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல். அதன் பின்னால் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அங்கே இடுப்பளவு தண்ணீரில் சாமான் தூக்கியவர்களை நினைத்தால் அவரைப் பந்தலைப் பற்றி எழுதக் கூசுகிறது.

பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது, விழவில்லை. 2011இல் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியுமே வேரோடு போயின, மூங்கில் பந்தல் எம்மாத்திரம். சாக்கு மட்டும் அடுத்த வீட்டு மாடியில் கிடைத்தது. பூ அத்தனையும் உதிர்ந்துவிட்டது. குழியில் தேங்கிய தண்ணீரைச் சின்ன வாய்க்கால் கிழித்து வடித்தேன். மண் கொஞ்சம் உலர்ந்ததும் கொத்திவிட்டு, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைத் தொழு உரத்தில் கலந்து தூரில் போட வேண்டும். இப்போதைய ஆபத்து வேர் அழுகல். இலை வெளுத்ததைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

டிசம்பர் 24

மறுபூ வந்திருக்கிறது, இந்த முறை இரண்டு பக்கமும். சாக்கைத் திரும்பக் கட்டியதாலா, மார்கழி பிறந்து இரவு இன்னும் நீண்டதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. "சாக்குதான்" என்கிறார் எதிர்வீட்டுத் தம்பி. அத்தை பனி என்கிறார்.

குரோ பேக் பீன்ஸும் பிஞ்சு விட்டிருக்கிறது. இதே விதையைத் தங்கையின் தோழி சென்னையில் மாசியில் போட்டு, பூ எல்லாம் கொட்டிப்போயிற்றாம். 30 டிகிரியைத் தாண்டிய வெயிலில் பீன்ஸ் பூ நிற்பது கஷ்டம். நமக்குக் கார்த்திகை, மார்கழிதான் அதற்குக் கிடைக்கும் சின்ன இடைவெளி. ஒரு பொரியலுக்குத் தேறும்.

ஜனவரி 12, 2025

நாளை போகி. பொங்கல் குழம்புக்கு அவரைக்காய் கடையில் வாங்க வேண்டாம்.

பறிக்கும்போது சில கொத்தில் பூக்கள் ஒன்றோடொன்று நூலால் பின்னியிருந்தன. பிரித்தால் உள்ளே காய்ப்புழு, எச்சத்தோடு. அந்தக் கொத்துகளை அப்படியே ஒடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். இந்த நேரத்தில் தெளிப்பதில் எனக்கு இஷ்டமில்லை, தினமும் பறித்துத் தின்கிற காய்.

விதைக்குச் சுவர்ப் பக்கக் கொடியில் நல்ல காயாகப் பார்த்து நூல் கட்டி விட்டிருக்கிறேன். தெருப் பக்கத்திலும் கட்டலாமே என்றேன். "வேணாம், அது எப்பப் பூக்கும்னு அதுக்கே தெரியலை" என்றார் அத்தை. விளக்கு செய்த வேலைக்கு விதை என்ன செய்யும்? அத்தைக்குத் தெரியாமல் இரண்டு காய்க்குக் கட்டிவிட்டேன்.