நாயின் கண்ணில் சிவப்புப் பந்து

பச்சைப் புல்வெளியில் கிடக்கும் சிவப்புப் பந்து நமக்குப் பளிச்சென்று தெரியும்போது, அதனருகிலேயே நிற்கும் நாய் மூக்கைத் தரையில் பதித்து அங்குமிங்கும் தேடுவதைப் பார்த்து, அதற்கு அறிவு மந்தம் என்று சொல்வது பெரும் அநியாயம். நிறமறியும் கூம்புச் செல்கள் மனிதக் கண்ணில் 3 வகை, நாயின் கண்ணில் 2 வகை மட்டுமே என்பதால், நீலமும் மஞ்சளும் அதற்குத் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. சிவப்பும் பச்சையுமோ ஏறத்தாழ ஒரே மங்கிய நிறமாகிவிடுகின்றன. பார்வைக் கூர்மையும் நம்மைவிடக் குறைவுதான். ஆனால், விழித்திரைக்குப் பின்னாலுள்ள பளபளப்பான படலம் தப்பிச் செல்லும் ஒளியை மீண்டும் விழித்திரைக்கே திருப்பி அனுப்புவதால், நாம் தடுமாறும் அரையிருட்டிலும் நாய் சிறு அசைவைக்கூடக் கண்டுகொள்கிறது. இரவில் விளக்கொளி பட்டதும் அதன் கண்கள் ஒளிர்வதும் இதனாலேயே. நாய்க்குப் பந்து வாங்குவோர் நீல நிறத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என மனதார வேண்டுகிறேன்.