ஒன்றுதான் என்றால் எது?

"ஃபுல் ஃபிரேம் கேமரா, கிராப் கேமரா, உங்ககிட்ட ரெண்டும் இருக்கே அண்ணா, ஒன்னுதான்னா எது?" என்று கேட்டான், படமெடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன். மேடை நிகழ்ச்சி முடிந்து பையை மூடிக்கொண்டிருந்தேன். "ஃபுல் ஃபிரேம்தான், யோசிக்காதே" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் பெரிதாக இருந்தால் ஃபுல் ஃபிரேம், சிறிதாக இருந்தால் கிராப்.

அடுத்த மாதமே தன் கிராப் பாடியையும் (லென்ஸ் இல்லாத கேமரா) கூடவே தன் 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸையும் விற்றுவிட்டு, ஃபுல் ஃபிரேம் பாடியும் எஃப்/4 ஜூமும் வாங்கி வந்தான். எஃப் எண் சிறிதாக இருந்தால்தான் லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும். பணம் அதோடு தீர்ந்தது. முதல் நிகழ்ச்சியிலேயே படங்களில் நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியான கரகரப்பு, பொரிந்திருந்தது. நான் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 36×24 மிமீ சென்சாரின் பரப்பு கிராப்பைப் போல ஏறக்குறைய 2.3 மடங்கு, அதில் கிடைப்பது ஒரு ஸ்டாப்புக்குக் (ஒளி இரு மடங்காவது ஒரு ஸ்டாப்) கொஞ்சம் மேல். ஆனால் 1.8-இலிருந்து 4-க்குப் போனதில் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் போய்விட்டது. முன்பு ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) 3200-இல் எடுத்தவன் அதே வெளிச்சத்தில், அதே ஷட்டர் வேகத்துக்கு 16000 வரை ஏற்றவேண்டி வந்தது. அதாவது பெரிய சென்சாரை வாங்கி, முன்பிருந்ததைவிட ஒரு ஸ்டாப் பின்னால் நின்றான்.

நான் சொன்னது தப்பா? எனக்கு அது சரிதான், ஏனென்றால் என்னிடம் ஏற்கெனவே எஃப்/2.8 லென்ஸ்கள் இருந்தன. தூரத்து முகங்களுக்கு இன்றும் கிராப்பில்தான் 200 எம்எம் லென்ஸ் மாட்டுகிறேன், சிறிய சென்சாரில் கோணம் குறுகி 300 போலக் கிடைக்கிறது, அதை ஏன் சொல்லவில்லை? அவனும் லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் கேட்டது இந்தத் தொழிலில் இரண்டு வருடம்கூட ஆகாதவன் கேட்கும் கேள்வி. உன்னிடம் என்ன லென்ஸ் இருக்கிறது, எதை விற்கப் போகிறாய் என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நன்றாகவே எடுக்கிறான், பகல் வேலைகளில் அந்த ஃபைல்களின் வளம் தெரிகிறது. என் பேச்சைக் கேட்டதால்தான் என்று மற்றவர்களிடம் சொல்கிறானாம். அதைக் கேட்கும்போதுதான் அதிகம் உறுத்துகிறது. ஒருவேளை நீண்ட காலத்துக்கு அதுதான் சரியான யோசனையோ என்னவோ.

போன வாரம் என் 50 எம்எம் எஃப்/1.8-ஐ அவனிடம் கொடுத்தேன். அவன் பாடியில் பழைய 35 தந்த ஏறக்குறைய அதே கோணம் வரும். "எதுக்குண்ணா?" என்றான்.

"சும்மாதான், வச்சுக்கோ" என்றேன்.