கட்டத்துக்குள் சேர்வராயன் மலை

ஏற்காட்டில் என் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்தேடல் புதிர் கொடுக்கும் நாளில் வகுப்பறையே உற்சாகமாகிவிடுகிறது. காப்பி, மிளகு, பலா, சேர்வராயன் என்று அவர்கள் அன்றாடம் பார்ப்பவற்றையே கட்டங்களுக்குள் ஒளித்துவைக்கிறேன். உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்குத் தனிக்கட்டம் என்பதால், 'காப்பி'யைத் தேடும் குழந்தை நடுவிலுள்ள 'ப்' என்னும் எழுத்தையும் கவனித்தே ஆகவேண்டும். சொல்வதெழுதுதலில் ஒற்றை விட்டுவிடும் பிள்ளைகள்கூட இங்கே அதை விடுவதில்லை. மிளகுக்கு அருகில் 'ல', 'ழ' இரண்டையும் வேண்டுமென்றே நிரப்புவேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். 1968இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நார்மன் கிபாட் தம் விளம்பர இதழில் இத்தகைய புதிரை வெளியிட்டபோது, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்புக்காக அதன் பிரதிகளைக் கேட்டு வாங்கினார்கள் என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. மூலைவிட்டமாக ஒளிந்திருக்கும் சொல்லை மெதுவாக வாசிக்கும் குழந்தையே பலமுறை கண்டுபிடிப்பதால், நேரம் குறித்துப் போட்டி வைப்பதை நான் விரும்புவதில்லை.