மின்வசதி இல்லாத பயணங்களில் இ-சிகரெட்டின் சார்ஜைக் காப்பது எப்படி?

சிகரெட்டை விட்டுவிட்டு இ-சிகரெட்டுக்கு மாறியவர்கள் மலையேற்றத்துக்கோ, நீண்ட படகுப் பயணத்துக்கோ, மின்சாரம் இல்லாத காட்டு முகாமுக்கோ கிளம்பும்போது, தண்ணீரையும் மருந்தையும் கணக்கிடுகிற அக்கறையோடு கருவியின் சார்ஜைக் கணக்கிடுவதில்லை. அந்தக் கணக்கு அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனெனில், கருவி அணைந்துபோன மாலைப்பொழுதில் பக்கத்தில் இருப்பவர் நீட்டுகிற ஒற்றைச் சிகரெட்டே, பாடுபட்டு விட்ட பழக்கத்துக்கு மீண்டும் வழி திறந்துவிடும். புகைத்துப் பழகாதவர் இந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். நிக்கோட்டினுக்கு ஒருமுறை அடிமையானால் மீள்வது கடினம். இந்தப் பதிவு, புகையிலைப் புகையிலிருந்து விலகி இதில் தங்கியிருப்பவர்களுக்காக மட்டுமே.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஒரு நாளைக்கு நமக்கு எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது என்பதை. பெரும்பாலோர் பவர் பேங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) எண்ணைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் வோல்ட் அளவைச் சேர்க்காமல் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் ஒப்பிட முடியாது. வாட்-மணி என்ற அலகில் கணக்கிட்டால் எல்லாம் எளிதாகிவிடும். 10 வாட்டில் இயங்கும் சிறிய கருவியில் ஓர் இழுப்பு 3 விநாடி நீடித்தால் 30 ஜூல் ஆற்றல் செலவாகிறது. ஒரு வாட்-மணி என்பது 3,600 ஜூல் என்பதால், ஒரு வாட்-மணிக்கு 120 இழுப்புகள் கிடைக்கும். நாளொன்றுக்கு 250 இழுப்புகள் என்று வைத்துக்கொண்டாலும் தேவை 2 வாட்-மணியைச் சற்றே தாண்டுகிறது. அதே மனிதர் 60 வாட்டில் பெரும்புகை விடும் கருவியை 4 விநாடி வீதம் இழுத்தால், ஒவ்வோர் இழுப்புக்கும் 240 ஜூல் போய்விடும். ஒரு வாட்-மணிக்கு 15 இழுப்புகள்தான். 250 இழுப்புகளுக்கு ஏறக்குறைய 17 வாட்-மணி வேண்டும். பெரிய கருவியில் இழுப்புகளின் எண்ணிக்கை குறையும் என்பது உண்மைதான் என்றாலும், எட்டு மடங்கு வேறுபாட்டை அது ஈடுகட்டிவிடாது.

ஆகவே எந்தப் பவர் பேங்கை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்தக் கருவியை எடுத்துச் செல்வது என்று யோசிப்பதே பலன் தரும். மின்திறன் என்பது வோல்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்துக் கிடைப்பது. நிக்கோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளைத்தான் ‘காயில்’ என்கிறோம். 3.7 வோல்ட்டில் 0.5 ஓம் காயில் சுமார் 27 வாட்டை உறிஞ்சும், 1.2 ஓம் காயில் சுமார் 11 வாட்டோடு நின்றுகொள்ளும். வீட்டில் குறைந்த ஓம் காயிலைப் பயன்படுத்துகிறவர்களும் பயணத்துக்கென்று, சிகரெட்டைப் போலவே முதலில் வாய்க்குள் இழுத்துப் பிறகு நுரையீரலுக்குக் கொண்டுசெல்லும் வகைக் கருவி ஒன்றையும், 1 ஓமுக்கு மேற்பட்ட காயிலையும் வைத்துக்கொள்வது நல்லது. ஆவி குறைவதால் திரவத்தில் நிக்கோட்டின் அளவு சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் மனம் நிறைவடையும். திரவமும் அதனால் குறைவாகவே செலவாகும், சுமையும் குறையும். இந்த மாற்றத்துக்குக் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பே பழகிவிட வேண்டும். பழகாத கருவியோடு காட்டுக்குள் போவது சரியல்ல.

அடுத்தது, ஆற்றலை எந்த வடிவில் சுமப்பது என்ற கேள்வி. கழற்றி மாற்றக்கூடிய 18650 பேட்டரியில் இயங்கும் கருவி உங்களிடம் இருந்தால், பவர் பேங்கைவிட உதிரி பேட்டரிகளே மேல் என்பது என் தீர்க்கமான கருத்து. 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட அந்தப் பேட்டரி 3,000 எம்ஏஎச் கொள்ளளவு உடையதென்றால், அதில் ஏறத்தாழ 10.8 வாட்-மணி இருக்கிறது. எடை 50 கிராமுக்கும் குறைவு. மேலே சொன்ன 10 வாட் கணக்கின்படி, அந்த ஒரே பேட்டரி நான்கு நாட்களுக்குப் போதும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 37 வாட்-மணி இருப்பதாகச் சொல்லப்பட்டாலும், உள்ளிருக்கும் 3.7 வோல்ட் மின்சாரத்தை 5 வோல்ட்டாக உயர்த்தி, அதைக் கருவி மீண்டும் 4.2 வோல்ட்டுக்கு இறக்கிச் சேமிக்கும் இரட்டை மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. கருவியைச் சென்றடைவது 24 அல்லது 25 வாட்-மணி என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பான கணிப்பு. சிறிய கருவி வைத்திருப்பவருக்கு அதுவே பத்து நாளை ஒட்டி வந்துவிடும்; அதே பவர் பேங்கில் கைபேசியையும் சார்ஜ் செய்தால் கணக்கு உடனே மாறிவிடும்.

உதிரி பேட்டரிகளைச் சுமப்பவர் ஒரு விஷயத்தில் சிறிதும் அலட்சியம் காட்டக் கூடாது. உறையில்லாத பேட்டரியைச் சாவியோடும் நாணயங்களோடும் ஒரே பையில் போட்டால், இரு முனைகளும் உலோகத்தால் இணைந்து, விநாடிகளில் தீப்பிடிக்கும் அளவுக்கு மின்சாரம் பாய்ந்துவிடும். அதற்கென விற்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும். மேலுறை கிழிந்த பேட்டரியைப் பயணத்துக்கு எடுத்துச் செல்லவே வேண்டாம். கருவியையும் நடக்கும்போது பூட்டி வைக்க வேண்டும். பல கருவிகளில் பொத்தானை ஐந்து முறை விரைவாக அழுத்தினால் அணைந்துவிடும். பையின் அழுத்தத்தில் பொத்தான் தானே அமுங்கினால், சார்ஜ் வீணாவதோடு காயிலும் கருகிவிடும்.

பேட்டரியைக் கழற்ற முடியாத சிறிய கருவிகளுக்கு வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. பவர் பேங்குகள் பலவும், வெளியே போகும் மின்னோட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும், எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதித் தாமாகவே அணைந்துவிடும். சிறிய பேட்டரி நிரம்பும் கட்டத்தில் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், முழுதும் நிரம்புவதற்கு முன்பே சார்ஜ் நின்றுபோகலாம். குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி நிலை உள்ள பவர் பேங்கைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு வழி. மற்றொன்று கேபிள். யூஎஸ்பி-சி துளை இருந்தும், அதற்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகளை வைக்காமல் செலவு மிச்சம் பிடித்த மலிவான கருவிகள் சந்தையில் ஏராளம். இரு முனையிலும் சி வகை உள்ள கேபிளை இணைத்தால் அவை சார்ஜ் ஆகவே மாட்டா. ஒரு முனையில் பழைய ஏ வகை உள்ள கேபிளைப் போட்டால் உடனே ஆகும். ஆகவே ஏ-சி கேபிள் ஒன்றும், அதற்குப் பொருந்தும் துளை உள்ள பவர் பேங்கும் கையில் இருக்க வேண்டும். கொண்டுபோகும் கருவி, கேபிள், பவர் பேங்க் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே ஒன்றோடொன்று இணைத்து, காலியான நிலையிலிருந்து முழுதும் நிரம்பும்வரை பார்த்துவிடுவதற்கு நிகரான முன்னேற்பாடு வேறில்லை.

சூரிய ஒளித் தகட்டைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரு வாரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு அது வீண் சுமை. தகட்டின் மேல் எழுதியிருக்கும் 10 வாட் என்ற அளவு, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி நேராக விழுந்து, தகட்டின் வெப்பநிலையும் 25 டிகிரியாக இருக்கும் ஆய்வக நிலையில் கணித்தது. திறந்த வெளியில் உச்சி வெயிலில் 5 முதல் 7 வாட் கிடைத்தால் நல்லது. வெயிலில் தகடு சூடேற, அதன் திறன் இன்னும் இறங்கும். தகட்டின் ஒரு மூலையில் மரக்கிளையின் நிழல் விழுந்தாலும், தொடராக இணைக்கப்பட்ட செல்களின் வெளியீடு பெரிதும் குறைந்துவிடும். முதுகுப்பையின் மேல் கட்டிக்கொண்டு நடந்தால், திசை மாறிக்கொண்டே இருப்பதால் கிடைப்பது சொற்பம். முகாமில் ஓரிடத்தில் தங்கும் நாட்களில், மணிக்கொரு முறை சூரியனை நோக்கித் திருப்பி வைக்கப் பொறுமை உள்ளவருக்குத்தான் அது முழுப் பயனைத் தரும். அப்போது ஒரு நல்ல பகலில் 20 வாட்-மணிக்கு மேல் சேர்க்க முடியும்.

அப்படிப் பயன்படுத்தும்போதும், தகட்டிலிருந்து கருவிக்கு நேராக இணைக்கக் கூடாது. மேகம் கடக்கும் ஒவ்வொரு முறையும் மின்சாரம் விட்டு விட்டு வரும். சில கருவிகள் அப்படி அறுந்த சார்ஜைத் தாமாகத் தொடர்வதில்லை. பகலில் பவர் பேங்கை நிரப்பி, மாலையில் அதிலிருந்து கருவியை நிரப்புவதே முறை. பவர் பேங்கைத் தகட்டோடு வெயிலில் கிடத்திவிடாமல், நீண்ட கேபிளோடு நிழலில் வைக்க வேண்டும். லித்தியம் அயனி பேட்டரிகளைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பூட்டிய வாகனத்துக்குள் வெயிலில் அந்த அளவை வெகு விரைவில் தாண்டிவிடும்.

பிற வழிகளும் உண்டு. வாகனத்தின் 12 வோல்ட் துளையில் செருகும் யூஎஸ்பி சார்ஜர் எளியது. ஆனால் சில வாகனங்களில் சாவி திருப்பியிருந்தால்தான் அந்தத் துளைக்கு மின்சாரம் வரும். சைக்கிள் பயணிகளுக்கு, சக்கரத்தின் மையத்தில் பொருத்தும் டைனமோ உண்மையிலேயே அருமையான துணை. வழக்கமாக 6 வோல்ட், 3 வாட் என்று குறிக்கப்படும் அது, அதற்கான மாற்றியோடு சேர்ந்தால், ஓடும் ஓரிரு மணி நேரத்தில் சிறிய கருவியின் ஒரு நாள் தேவையைத் தந்துவிடும். கையால் சுற்றும் ஜெனரேட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். கை ஓயும்வரை சுற்றினாலும் கிடைப்பது சில வாட்தான்.

குளிர் வேறு விதமாகப் படுத்தும். உறைபனி நெருங்கும்போது பேட்டரியின் உள் மின்தடை கூடுவதால், பாதி சார்ஜ் இருந்தும் காலி என்று கருவி காட்டும்; உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்து வெப்பமூட்டினால், இழந்ததுபோல் தோன்றிய சார்ஜின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அந்நிலையில் எதிர்மின் முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். இரவில் பவர் பேங்கையும் உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், எதுவும் சார்ஜ் ஆகிக்கொண்டிராத நிலையில் மட்டும். இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் கருவி தண்ணீரில் விழலாம், காயில் எரியலாம் என்பதால், நிக்கோட்டின் சூயிங் கம் அல்லது தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை சிலவற்றை மருந்துப் பையில் வைத்திருப்பதைக் கட்டாயம் என்றே சொல்வேன். அவற்றுக்குச் சார்ஜ் தேவையில்லை.

விமானத்தில் செல்பவர்கள் கருவியையும் உதிரி பேட்டரிகளையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் இ-சிகரெட்டை வைப்பதையும், விமானத்துக்குள் அதைச் சார்ஜ் செய்வதையும் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. பவர் பேங்குக்கான பொது வரம்பு 100 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 27,000 எம்ஏஎச். விமான நிறுவனங்கள் தத்தம் கூடுதல் விதிகளையும் வைத்திருப்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். போய்ச் சேரும் நாட்டின் சட்டத்தை அறிவது அதைவிட முக்கியம். இந்தியா 2019-இல் இ-சிகரெட்டின் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது. சிங்கப்பூரில் 2018 முதல் அதை வைத்திருப்பதே குற்றம். அத்தகைய நாடுகளின் வழியாகச் செல்வதாக இருந்தால், கருவியை வீட்டில் விட்டுவிட்டு, அந்தந்த நாட்டில் அனுமதிக்கப்பட்ட கம்மையோ பட்டையையோ நம்பிப் பயணத் திட்டத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.