சிங்கப்பூர் பில்லை ஆறால் வகுத்த கதை

போன மாதம் ஆறு பேர் சிங்கப்பூர் போயிருந்தோம். முதல் நாள் இரவே ஆற்றங்கரை உணவகம் ஒன்றில் பில்லை அப்படியே ஆறால் வகுத்துவிட்டார்கள். காய்கறி நூடுல்ஸும் எலுமிச்சை ஜூஸும் எடுத்த தோழிக்கும், நண்டும் மூன்று பீரும் எடுத்தவருக்கும் ஒரே தொகை. அவள் எதுவும் சொல்லாமல் கொடுத்துவிட்டாள், ஆனால் மறுநாள் இரவு பசியில்லை என்று அறையிலேயே இருந்துவிட்டாள், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் கணக்கை நானே எடுத்துக்கொண்டேன். அங்கே மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ++ என்று இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 20 டாலர் என்று போட்டிருக்கும் சாப்பாட்டுக்குக் கடைசியில் 23.98 கொடுக்க வேண்டும். அதனால் அவரவர் சாப்பிட்டதை 1.199ஆல் பெருக்கினால் சரியாக வந்துவிடும். நடுவில் வைத்துப் பகிர்ந்ததைச் சாப்பிட்டவர்களுக்குள் மட்டும் பிரித்தோம், மது தனி. ஒருவர் கார்டில் கட்டினால் வங்கி பிடித்த ரூபாயையே கணக்கில் எடுங்கள், இணையத்தில் காட்டும் மாற்று விலையை வைத்தால் கட்டியவருக்குத்தான் நஷ்டம்.

சின்னச் சின்ன உணவுக் கடைகள் ஒரே இடத்தில் இருக்கும் ஹாக்கர் சென்டரில் இந்தப் பாடே இல்லை, அவரவர் தட்டுக்கு அவரவர் காசு. கடைசி மூன்று நாளும் அங்கேதான் சாப்பிட்டோம், அவளும் வந்தாள்.